அறுபதுக்குப் பிறகு ஊசி பிடிக்க: எம்ப்ரொய்டரியா, கிறொஸ் ஸ்டிச்சா?

பென்சன் எடுத்து முதல் மூன்று மாதம் பள்ளி விடுமுறை போலப் போகும். நாலாம் மாதம் காலை பத்து மணிக்கே சமையல் முடிந்து, பேப்பர் வாசித்து முடிந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விறாந்தைக் கதிரையில் இருப்போம். மட்டக்களப்புக் கல்லடியில் எனக்கு அப்படித்தான் தொடங்கியது. அப்போது வயது 61. பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்துக்கு ஒரு லேஞ்சி ஓரம் தைத்ததோடு சரி, அதற்குப் பிறகு ஊசியை எடுத்ததெல்லாம் பொத்தான் தைக்கத்தான்.

நான் கிறொஸ் ஸ்டிச்சில் இறங்கினேன். கல்முனையில் இருக்கும் என் மச்சாள் என்னைவிட நாலு வயது மூத்தவள். அவள் அதே காலத்தில் எம்ப்ரொய்டரியைப் பிடித்தாள். மூன்று வருடமாக ஒருவர் வேலையை மற்றவர் எட்டிப் பார்த்து, கொஞ்சம் பொறாமையும் பட்டு, இடையில் பாதை மாறியும் பார்த்துவிட்டோம். இப்போது தெரிந்தவர்கள் வந்து கேட்கிறார்கள்: "நானும் பழகப்போறன், எதை எடுக்கிற?"

ஊரில் இதற்கு ஒரு தயார் பதில் இருக்கிறது. "வயசு போன ஆக்களுக்கு கிறொஸ் ஸ்டிச்தான் லேசு, கட்டம் கட்டமா நிரப்பினாச் சரி." இதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பித்தான் நான் ஆறு மாதம் தலையிடியோடு திரிந்தேன்.

முதலில் இரண்டும் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கிறொஸ் ஸ்டிச்சில், அதாவது குறுக்குத் தையலில், துணியில் எதுவும் வரைந்திருக்காது. படம் தாளில், சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். தாளில் ஒரு கட்டம் என்றால் துணியில் ஒரு பெருக்கல் குறி. எண்ணி எண்ணிப் போட வேண்டும். அதற்கென்று ஓட்டை ஓட்டையாக நெய்த அய்டா என்ற துணி இருக்கிறது. எம்ப்ரொய்டரியில் துணி மேலேயே பென்சிலால் பூவோ கொடியோ வரைந்துகொண்டு, அந்தக் கோட்டின் மேல் சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சு என்று விரும்பியதைத் தைப்பது. ஒன்றில் எண்ணிக்கை, மற்றதில் கோடு. எந்தத் துணி, எந்த ஊசி, கண்ணுக்கு எவ்வளவு வேலை என்பதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் தொங்குகிறது.

கண்ணில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் நம் வயதில் முதலில் முறைப்பாடு வைப்பது அதுதான். அய்டா துணியை ஒரு அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்ற கணக்கில் விற்கிறார்கள்: 11, 14, 16, 18. துணியும் நூலும் படமும் சேர்ந்து வரும் கிட்களில் அதிகம் வருவது 14. அதில் ஒரு கட்டம் 2 மில்லிமீட்டரும் இல்லை. 18 என்றால் 1.4 மில்லிமீட்டர். வெள்ளைத் துணியில், வெள்ளை ஓட்டையில், ஊசி முனை எங்கே போகிறதென்று பார்த்துக்கொண்டே, தாளில் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். துணி ஒரு தூரத்தில், தாள் வேறொரு தூரத்தில். வெள்ளெழுத்துக்காரருக்கு இந்தத் தாவல்தான் கொடுமை. தைப்பதை விட, தலையை ஏற்றி இறக்கிக் கண்ணாடிக்குள் இடம் தேடுவதிலேயே களைத்துப் போவோம்.

இதில் என் பிழையும் ஒன்று உண்டு. கடையில் வாங்கிய பிளஸ் 2 கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தைத்தேன். தூரப் பார்வை சரியாக இருந்து கிட்டப் பார்வை மட்டும் போனவருக்கு பிளஸ் 2 கண்ணாடி அரை மீட்டர் தூரத்துக்குத்தான் பொருந்தும். பேப்பரை நீட்டிப் பிடித்து வாசிக்க அது போதும். தையலைப் பிடிப்பதோ 30, 35 சென்ரிமீட்டரில். பிளஸ் 3 கண்ணாடி 33 சென்ரிமீட்டரில் தெளியும். கண் பரிசோதிக்கப் போகும்போது தையல் துணியையும் ஊசியையும் கையோடு கொண்டுபோய், "இந்தத் தூரத்தில் பிடிப்பேன்" என்று பிடித்துக் காட்டுங்கள். நான் அப்படிச் செய்த அன்றோடு தலையிடி பாதி போயிற்று. கண்ணில் புரை படர்ந்திருந்தால் கண்ணாடி மட்டும் போதாது. முதலில் அதைப் பார்ப்பித்துக்கொண்டு பிறகு நூல் வாங்கலாம்.

மச்சாளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. "மச்சாள், இதுல எண்ணுறதுக்கு ஒண்டுமில்ல. கோட்டுக்கு மேல போனாச் சரி, மறுகா கோடு மறைஞ்சிரும்" என்பாள். உண்மைதான். பென்சில் கோடு கண்ணுக்குப் பெரிய இலக்கு. நூலில் ஆறு இழையையும் சேர்த்துத் தடிப்பாகச் சங்கிலித் தையல் போட்டால் ஒரு கண்ணி நெல்மணி அளவுக்கு வரும். அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் எவருக்கும் தெரியாது. ஆகவே கண் விஷயத்தில், ஊர் சொல்வதற்கு நேர்மாறாக, எம்ப்ரொய்டரிதான் லேசு.

அப்படியானால் கிறொஸ் ஸ்டிச் லேசு என்று ஏன் சொல்கிறார்கள்? பயம் குறைவு என்பதால். "எனக்குக் கீற வராது" என்று சொல்லாத பெண்ணை நான் நம் வயதில் காணவில்லை. கிறொஸ் ஸ்டிச்சில் கீறத் தேவையில்லை. பழக வேண்டியது ஒரே ஒரு தையல். முதல் கட்டத்தில் போட்ட குறியும் ஆயிரமாவது குறியும் ஒன்றுதான். முதல் நாளே தைத்ததைப் பார்த்தால் கடையில் வாங்கியது போல நேராக இருக்கும். எம்ப்ரொய்டரியில் முதல் நாள் தைத்த காம்பு புழு ஊர்ந்தது மாதிரித்தான் இருக்கும். மச்சாளின் முதல் ரோசாப்பூவை அவளுடைய பேரன் "கோவா", அதாவது முட்டைக்கோசு, என்றான். அதைத் தாங்கிக்கொண்டு மூன்று கிழமை தைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கை இழுவை சீராகும். சிலருக்கு அந்த மூன்று கிழமை ஓடாது, துணி லாச்சிக்குள் போய்விடும்.

பிழை விடுவதிலும் இரண்டுக்கும் வேறு வேறு குணம். நான் தைத்த முதல் படம் ஒரு மீன்கொத்தி. வாவிப் பக்கம் இருப்பவளுக்கு வேறென்ன ஆசை வரும்? 84 கட்ட அகலம், 70 உயரம். 14 துணியில் 6 அங்குலத்துக்கு 5. அலகு தைக்கும்போது ஒரே ஒரு கட்டம் இடது பக்கம் தள்ளிவிட்டது. தெரியவில்லை. அலகிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து நெஞ்சு என்று இறங்கி, மறுபக்கத்தால் தலையைச் சுற்றி வந்து கண்ணைத் தொடும்போதுதான் இரண்டும் ஒட்டாமல் நின்றன. ஒரு கட்ட இடைவெளி. எத்தனை தரம் எண்ணினாலும் அதே இடைவெளி. இரண்டு பின்னேரம் இருந்து பிரித்தேன். அன்றைக்குப் பிறகு முதல் வேலையாக, துணியில் பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை வெளிர் நிற நூலால் நீளத்திலும் அகலத்திலும் ஓடு தையல் போட்டுக்கொள்கிறேன். தாளிலும் பத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். இரண்டும் ஒத்து வந்தால் பிழை பத்துக் கட்டத்துக்குள்ளேயே பிடிபட்டுவிடும். முடிந்ததும் அந்த நூலை உருவிவிடலாம்.

எம்ப்ரொய்டரியில் பிழை என்றால் அந்த இடத்தில் ஒரு இலையைக் கூட்டித் தைத்து மூடிவிடலாம். கணக்கு வழக்கில் காலம் கழித்த எனக்கு அந்தச் சலுகை ஏனோ திருட்டுத்தனம் போலப் பட்டது. மச்சாள் அதற்குச் சிரிக்கிறாள்.

நேரத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஏமாந்ததாக நினைப்பீர்கள். அந்த மீன்கொத்தியில் நிரப்ப வேண்டியது ஏறத்தாழ 4000 கட்டம். தொடக்கத்தில் நான் மணிக்கு 100 குறி போட்டேன். 40 மணித்தியாலம். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்தாலும், கண்ணகி அம்மன் சடங்குக் கிழமையை விட்டு, கலியாண வீடு, காய்ச்சல் எல்லாம் கழித்து இரண்டு மாதம் எடுத்தது. மச்சாள் அந்த இரண்டு மாதத்தில் மூன்று தலையணை உறையும் பேத்திக்கு ஒரு சட்டைக் கழுத்தும் முடித்துவிட்டாள். சீக்கிரம் ஒன்றை முடித்துக் கையில் பார்க்க வேண்டும் என்ற குணமுள்ளவர் கிறொஸ் ஸ்டிச்சில் பெரிய படம் எடுக்கக் கூடாது. 30 கட்டத்துக்கு 30, ஒரு பூ, அவ்வளவுதான்.

கை விஷயத்தில் கிறொஸ் ஸ்டிச் கொஞ்சம் முந்துகிறது. அதற்குப் பாவிப்பது மொட்டை ஊசி. ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் கூர் தேவையில்லை. 14 துணிக்கு 24ஆம் நம்பர், 11 துணிக்கு 22. நம்பர் கூடக் கூட ஊசி மெல்லிசு. சீனி வருத்தம் உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் குளிசை போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். விரல் நுனியில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கூரான ஊசி குத்தியதே தெரியாது. துணியில் சிவப்புப் பொட்டு கண்டபிறகுதான் தெரியும். எம்ப்ரொய்டரிக்குக் கூர் ஊசி கட்டாயம், ஆகவே விரலுறை ஒன்று மாட்டிக்கொள்ளப் பழகுங்கள்.

பெருவிரல் மூட்டு நோகிறவர்களுக்கு இரண்டிலும் எதிரி ஊசி இல்லை, வளையம்தான். துணியை இறுக்கிப் பிடிக்கும் அந்த மரவளையத்தை இடக்கையால் ஒரு மணித்தியாலம் பிடித்திருந்தால் அன்றிரவு போத்தல் மூடி திறக்க ஏலாது. அய்டா துணி தானே விறைப்பாக இருப்பதால் வளையம் இல்லாமலும் தைக்கலாம். எம்ப்ரொய்டரியில் வளையம் இல்லாவிட்டால் துணி சுருங்கும். அதனால் மச்சாள் 5 அங்குல வளையத்தை மேசை விளிம்பில் சாத்தி, மறுவிளிம்பை மடியில் வைத்துக்கொள்கிறாள். பிடிக்கத் தேவையில்லை. வலது கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்தால் வர வேண்டும், இல்லையென்றால் கையின் நிழல் ஊசி மேல் விழும். எங்கள் வீட்டில் காலை ஏழில் இருந்து ஒன்பதரை வரை விறாந்தை வெளிச்சத்துக்கு ஈடாக எந்த மின்குமிழும் இல்லை. கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும் மாதங்களில், பிறகு அது எழும்பிவிடும், கை வியர்க்கும், நூல் ஒட்டும். அந்த மாதங்களில் வளையத்தைத் துணியிலேயே விட்டுவிட்டு எழும்பக் கூடாது. வியர்வையும் தூசும் சேர்ந்து வளையம் இருந்த இடத்தில் மஞ்சள் வட்டம் விழும், கழுவினாலும் லேசில் போகாது.

இனி துணி. இங்கேதான் நம் ஊர்க்காரருக்கு ஒரு வசதியும் ஒரு பொறியும் இருக்கிறது. மருதமுனையில் கைத்தறி இருக்கும்போது எம்ப்ரொய்டரிக்குத் துணி தேட வேண்டியதே இல்லை. கழுவிக் காய்ந்த பருத்திக் கைத்தறியில் ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். மச்சாளுக்குக் கல்முனையில் இருந்து எட்டும் தூரம். நான் அதைப் பார்த்து, இழை தெளிவாகத் தெரிகிறதே, இரண்டிரண்டு இழையாக எண்ணி இதிலேயே கிறொஸ் ஸ்டிச் போடலாமே என்று நினைத்து ஒரு மேசை விரிப்பில் தொடங்கினேன். வட்டமாக வர வேண்டிய பூ முட்டை வடிவில் வந்தது. காரணம் எளிது: நீளத்தில் ஓடும் பாவு இழையும் அகலத்தில் ஓடும் ஊடு இழையும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று தறியில் எந்தக் கட்டாயமும் இல்லை. எண்ணிக்கை ஒன்றாக இல்லாவிட்டால் சதுரம் நீள்சதுரமாகிவிடும். கைத்தறியில் எண்ணித் தைக்க ஆசைப்பட்டால் முதலில் ஒரு அங்குலச் சதுரம் கீறி, இரண்டு பக்கமும் ஊசி முனையால் இழைகளை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டின் நீலகிரியில் தோடர் பழங்குடிப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, எதுவும் வரையாமல் இழையை எண்ணியே பூத்தையல் போடுகிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்களுக்குத் துணியைத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. கட்டம் போட்ட ஒரு தனி வலைத்துணி உண்டு. அதைக் கைத்தறியின் மேல் ஒட்டுத்தையல் போட்டுப் பிடித்து, இரண்டையும் சேர்த்துக் கிறொஸ் ஸ்டிச் தைத்து, பிறகு ஈரமாக்கி, மேல் துணியின் இழைகளை ஒவ்வொன்றாகச் சாமணத்தால் உருவிவிட வேண்டும். வடிவாக வரும். ஆனால் அந்த உருவுகிற வேலைக்கு இருபது வயதுக் கண் வேண்டும்.

அய்டா துணியை நான் கொழும்பில் இருக்கும் மகளிடம் சொல்லித்தான் எடுப்பித்தேன். நூலுக்குக் காத்தான்குடிக் கடைகளுக்குப் போகிறேன். நூல் என்று வரும்போது இரண்டு தையலுக்கும் ஒரே நூல்தான்: ஆறு இழை சேர்ந்த பருத்தி நூல், பெயர் பெற்ற கம்பனிகளின் கட்டு என்றால் 8 மீட்டர். 14 அய்டாவுக்கு அதிலிருந்து 2 இழை, 11க்கு 3 இழை பிரித்தெடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு முழம் போதும். அதற்கு மேல் எடுத்தால் துணிக்குள் போய்ப்போய் வந்து நூல் மயிர் விட்டுவிடும், சிக்கும். நூலில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்பதற்கு மச்சாளின் தலையணை உறை சாட்சி. பெயர்ச்சீட்டு இல்லாத மலிவுச் சிவப்பு நூலால் செவ்வரத்தம்பூ தைத்து மருமகளுக்குக் கொடுத்தாள். முதல் கழுவலில் உறை முழுவதும் இளஞ்சிவப்பு. இப்போது எந்தச் சிவப்பையும் கருநீலத்தையும் முதலில் ஒரு துண்டு வெட்டி நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்க்கிறாள். சாயம் ஒட்டினால் அந்த நூல் பூனைக்கு.

தைத்து முடித்ததை என்ன செய்வது? கிறொஸ் ஸ்டிச் பெரும்பாலும் சட்டம் போட்டுச் சுவரில்தான் போகும். நம் பக்கத்து மாரி ஈரத்தில், கண்ணாடியோடு துணி ஒட்டியபடி சட்டம் போட்டால் பூஞ்சணம் பிடிக்கிறது. இடையில் சிறு இடைவெளி விடச் சொல்ல வேண்டும். அப்புறம், ஒரு வீட்டுச் சுவருக்கு எத்தனை மீன்கொத்தி? எம்ப்ரொய்டரி பாவனைக்குப் போகும்: உறை, சட்டை, சீலை ஓரம். என் அம்மா தைத்த உறைகள் 2004 மார்கழியில் கடலோடு போயின. அந்த மாதிரி ஒரு உறை வேண்டும் என்பதுதான் இரண்டாம் வருடம் நான் மச்சாளின் பாதைக்கு மாறிப் பார்த்ததற்குக் காரணம். கிறொஸ் ஸ்டிச்சும் உடுப்புக்கு ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பலஸ்தீனப் பெண்களின் உடுப்பு முழுக்க அந்தக் குறுக்குத் தையல்தான், 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்தார்கள். ஆனால் அது அறுபதில் தொடங்கி முடிக்கிற வேலை இல்லை.

இடையில் வேறு சில வழிகளையும் காட்டுவார்கள். துணியிலேயே கட்டம் அச்சடித்து வருகிற கிறொஸ் ஸ்டிச் ஒன்று உண்டு, எண்ணத் தேவையில்லை. கண் பலவீனமானவருக்கு நல்லதுதான், ஆனால் அச்சு ஓட்டையோடு பொருந்தாமல் வந்தால் படம் முழுக்கக் கோணல். கழுவி அந்த மையைப் போக்கும் முன் அயன் பிடிக்கக் கூடாது, பிடித்தால் மை துணியிலேயே தங்கிவிடும். கலியாண பிளவுசுக்குப் போடும் ஆரி வேலையைச் சின்னப் பெட்டைகளுக்கு விட்டுவிடுங்கள். பெரிய சட்டத்தின் முன் குனிந்திருந்து, ஒரு கையால் மேலே கொக்கி ஊசி, மற்றக் கையால் அடியில் நூல் என்று முதுகு முறிகிற வேலை. பழைய பருத்திச் சீலைகளை இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கி வெறும் ஓடு தையலால் நிரப்புகிற வங்காளக் காந்தா எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குக் கண்ணும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். தைக்கிறபோது கதைக்கவும் முடியும்.

சரி, கேட்டு வருகிறவருக்கு நான் என்ன சொல்கிறேன்? முதலில் அவரிடம் ஒன்று கேட்பேன்: "உங்களுக்குக் கண் நோவா பெரிசு, வெட்கமா?" கண்தான் பிரச்சினை, முதல் பூ கோவா மாதிரி வந்தால் சிரித்துவிடுவேன் என்கிறவருக்கு எம்ப்ரொய்டரி. கண்ணாடி சரியாக இருக்கிறது, ஆனால் கோணலாக ஒன்றைத் தைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்கிறவருக்கு கிறொஸ் ஸ்டிச், அதுவும் 14 இல்லை, 11 துணியில். அதே படம் அதில் கொஞ்சம் பெரிதாக வரும், அவ்வளவுதான். என் மீன்கொத்தி 6 அங்குலத்துக்குப் பதில் ஏழரையைத் தாண்டியிருக்கும். படத் தாளைக் கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பத்துக் கட்டக் கோட்டை மறக்கக் கூடாது. எல்லாக் குறியிலும் மேலே வருகிற நூல் ஒரே பக்கம் சாய வேண்டும். நடுவில் நாலு நாள் விட்டுத் திரும்ப எடுத்தால் எந்தப் பக்கம் என்று மறந்துவிடும், அதனால் துணி மூலையில் ஒரு குறியைப் பாதி போட்டு வையுங்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால் நான் இன்றைக்கும் கிறொஸ் ஸ்டிச்காரிதான். ஆனால் என் மேசையில் இப்போது இருப்பது மருதமுனைத் துணியில் வெட்டிய ஒரு தலையணை உறை. ஓரத்தில் கொடி கீறித் தந்தது மச்சாள். காம்புத் தையலில் ஊசியை முன்னே குத்தி, பாதி தூரம் பின்னே வந்து எடுக்க வேண்டும், நூல் எப்போதும் ஊசிக்கு ஒரே பக்கம் கிடக்க வேண்டும். பதினாறாவது தையலில் நூலை மறுபக்கம் விட்டுவிட்டேன், கொடியில் ஒரு முடக்கு விழுந்திருக்கிறது. பிரிக்கப் போனேன். மச்சாள் ஊசியைப் பறித்து, அந்த முடக்கில் ஒரு இலையைக் கீறிவிட்டுப் போயிருக்கிறாள்.